ஒரு சொட்டு பெட்ரோல்

"அங்கயே நில்லுங்க! ஒரு அடி உள்ள வச்சீங்கன்னா பாத்துக்குங்க!"

தூக்கிய காலை உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்று புரியாமல், சமையல்கட்டு வாசலில் ஒற்றைக் காலில் நின்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? உங்க மேல பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குது. இங்க அடுப்பு எரியுது. நீங்களும் பத்திக்கிட்டு எங்களையும் பத்த வைக்கணுமா?"

இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மோந்து பார்த்தார். மனைவி சொன்னது உண்மைதான். காலையில் காரைத் துடைக்கப் போனபோது, அதன் வயிற்றுக்கு அடியில் தரையில் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு மோந்தார். சந்தேகம் தீரவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டு மோந்தார். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று பயந்துவிட வேண்டாம். பல்பு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. காலமெல்லாம் பல்பு பல்பாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "ரிஜெக்ட்" என்று சொல்லி ஓரமாக வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிட்டது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பேப்பர் படிப்பார்கள், மத்தியானம் தூங்குவார்கள், முட்டி வலிக்கு மருந்து தேய்ப்பார்கள். இவருக்கு அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது. வீட்டுக்கு வந்த மறுநாளே சமையல்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக எப்படித்தான் இந்தக் குடும்பம் உயிரோடு இருந்ததோ! உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில். கரண்டிகள் ஒன்று இந்தப் பக்கம் பார்க்கிறது, ஒன்று அந்தப் பக்கம் பார்க்கிறது. மருமகள் கேரட் நறுக்கினால் ஒரு துண்டு காசு மாதிரி, ஒரு துண்டு கட்டை மாதிரி.

அதனால் அவர் டார்ச் லைட்டும் கையுமாக மருமகளின் பக்கத்திலேயே நின்று வழிகாட்டினார்.

"இது தடிமன், ரிஜெக்ட். இது பரவாயில்ல. இதுவும் ரிஜெக்ட். பதட்டப்படாம நறுக்கும்மா, நான் இங்கதானே நிக்கிறேன்."

"ரொம்ப நன்றி மாமா" என்பாள் மருமகள். பாவம், பல்வலியோ என்னவோ, எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டேதான் சொல்வாள். அவரே ஒருநாள் அவளைத் தெருமுனைப் பல் டாக்டரிடம் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பல்லில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தார்.

இன்றைக்கு அவர் மேல் தட்டில் இருக்கும் பாத்திரங்களை எல்லாம் இறக்கி, உயரவாரியாக அடுக்குவதாக இருந்தார். அதற்குள் இந்தப் பெட்ரோல்.

"சரி, சட்டையை மாத்திட்டு வரேன்."

"சட்டையை மாத்தினா கையில வாடை இருக்குமே? மொதல்ல போய்க் காரைச் சரி பண்ணுங்க. ஒழுகுறது நிக்கிற வரைக்கும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. நான் சொல்றதுல ஏதாவது தப்பு இருக்கா?"

தப்பு இல்லை. பாதுகாப்பு என்று வந்துவிட்டால் இன்ஸ்பெக்டர் எதிர்த்துப் பேச மாட்டார். தூக்கிய காலை வெளியே வைத்துவிட்டு, வீட்டை ஒட்டியிருந்த ஷெட்டுக்குப் போனார்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு சீட்டு. மருமகளைவிட வயதில் மூத்தது. மற்ற கார்களில் ஏறி உட்கார வேண்டும். இதில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். மேலே வருவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். ஊரை விட்டுப் போன தொழிற்சாலை என்ஜினீயர் ஒருவரிடமிருந்து அவர் ஆசை ஆசையாக வாங்கியது. வாங்கி வந்த அன்றைக்கு மனைவி வாசலில் நின்றுகொண்டு, "இந்த வீட்டுல நான் இருக்கணுமா, அது இருக்கணுமா?" என்று கேட்டாள். "ரெண்டு பேருமே இருங்களேன்" என்று சொன்னார். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் அவரிடம் பேசவில்லை. அந்தக் காரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது என்பது மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

ஷெட்டில் காரைக் கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டு அடியில் நுழைந்தார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்து, அதிலிருந்து ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, அவர் மூக்கில் விழுந்தது.

"இவ்வளவுதானா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெட்ரோல் கசிகிற இடத்தில் குளியல் சோப்பைத் தேய்த்தால் நிற்கும் என்று தொழிற்சாலை டிரைவர் யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. குளியலறையில் மருமகளின் வாசனை சோப்பு புத்தம் புதிதாக இருந்தது. அதில் பாதியைக் குழாய்க்குப் பூசி, மேலே டேப்பைச் சுற்றினார். ஒழுகல் நின்றது. சாயங்காலம் பார்த்தபோது டேப் கழன்று, சோப்பும் கூழாகித் தரையில் கிடந்தது. முன்பு சொட்டாக விழுந்தது இப்போது நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சோப்பை இப்பதான் மாமா பிரிச்சேன்" என்றாள் மருமகள்.

"வாசனை பரவாயில்லம்மா. ஆனா பெட்ரோலுக்குத் தாங்கல. ரிஜெக்ட்."

அன்றைக்கு இரவுச் சாப்பாடு அவருக்குப் பின்பக்கப் படிக்கட்டில் கிடைத்தது. மனைவி ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினாள். தன் வீட்டிலேயே ஜன்னல் வழியாகச் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டிய நிலைமையை நினைத்து அவர் வருத்தப்பட்டார். தனக்காக இல்லை, தான் இல்லாமல் உள்ளே அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்களோ என்றுதான்.

மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஆள், வாயில் எந்நேரமும் ஏதாவது ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டிருப்பார். காருக்கு அடியில் போனார், வந்தார்.

"குழாய் எல்லாம் செத்துப் போச்சு சார். மொத்தமா மாத்திடுறேன். குழாயை இறுக்குற கிளிப்பும் புதுசு போடுறேன். அப்புறம் சொட்டுச்சுன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

மாற்றினார். ஒரு சொட்டுகூட இல்லை. இன்ஸ்பெக்டர் தரையில் வெள்ளைத் தாளை விரித்து வைத்துப் பார்த்தார். காய்ந்த தாள் காய்ந்தபடியே கிடந்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்துவிட்டு, நகக்கண்ணை மனைவியிடம் நீட்டி மோந்து பார்க்கச் சொன்னார்.

அவள் மோந்து பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"வாடை இல்ல" என்றாள்.

அப்பாடா! விட்டுப்போன வேலையை எல்லாம் சேர்த்துப் பிடித்தார் இன்ஸ்பெக்டர். மேல் தட்டுப் பாத்திரங்களை இறக்கி உயரவாரியாக அடுக்கினார். டீத்தூளைச் சலித்தார். பட்டாணியைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்றாகப் பிரித்தார். சமையல் முடிகிற வரை மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று, "தீயைக் குறை... இப்பக் கூட்டு... அட, அவ்வளவு கூட்டாதே" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். உப்பு போதுமா என்று அவர் மூன்று தடவை பார்த்து மூன்று தடவை போட்டதில் ராத்திரிச் சாப்பாடு கொஞ்சம் கடல் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. வேலையிலிருந்து பசியோடு வந்த மகன் ஒரு வாய் வைத்துவிட்டு ரொட்டி வாங்கக் கடைக்குப் போனான்.

"நாளைக்கு ஃப்ரிட்ஜைப் பிரிச்சுப் பாக்கணும். உள்ள இருக்கற பல்பு எனக்குச் சரியாப் படல" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போனால் குபீரென்று பெட்ரோல் வாடை. காருக்குக் கீழே ஒரு தட்டு இருந்தது. அதில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"நான்தான் தட்டு வச்சேன்" என்று மனைவி ஜன்னலிலிருந்து சொன்னாள். "தரையெல்லாம் ஆயிடக் கூடாதேன்னு. பேட்டரி ஒயரையும் கழட்டிட்டேன். நீங்க இந்தப் பக்கம் வந்துடாதீங்க, அடுப்பு எரியுது."

எவ்வளவு பொறுப்பு! இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். ஆனால் இது எப்படி ஒழுகும்? குழாய் புதுசு, கிளிப் புதுசு. அடியில் போய்ப் பார்த்தார். இந்த முறை டேங்க் பக்கம் இல்லை. பம்ப் பக்கத்துக் கிளிப்பிலிருந்து வந்தது.

மெக்கானிக் வந்து கிளிப்பை இறுக்கினார்.

"நல்லா முறுக்கித்தான் விட்டேன் சார். எப்படித் தளந்துச்சுன்னு தெரியல. வண்டி ஓடவே இல்லங்கிறீங்க?"

"ஷெட்டை விட்டு நகரல."

"அப்ப குலுக்கலே இல்லியே. கிளிப்பு தானாவா கழலும்?" மெக்கானிக் வாயிலிருந்த திருகாணியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அன்றைக்கு இரவு ஜன்னலடியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது இன்ஸ்பெக்டர் நடந்ததை எல்லாம் மனைவிக்கு விவரமாகச் சொன்னார். பல்பைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே கொட்டாவி விடுகிறவள், இன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பம்புக்கு அப்புறம் எங்கங்க போகுது பெட்ரோல்?"

"கார்புரேட்டருக்கு. அங்க ஒரு கிளிப் இருக்கு, அதுக்கு மேல ஒரு நட்டு இருக்கு. அரைச் சுத்து தளந்தாலே போதும், சொட்ட ஆரம்பிச்சிடும்."

"அரைச் சுத்துதானா? வலப்பக்கமா, இடப்பக்கமா?"

இன்ஸ்பெக்டருக்கு மனசு இளகிவிட்டது. எத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கை, இப்போதுதான் அவர் தொழில் பேச்சை மனைவி காது கொடுத்துக் கேட்கிறாள். கையைக் கழுவிவிட்டு டார்ச் லைட்டை எடுத்து வந்து, அவளை ஷெட்டுக்கே கூட்டிப் போய் ஒவ்வொரு கிளிப்பையும் காட்டினார். "அந்த மூலையில இருக்கறது என்ன?" என்று அவள் கேட்டதற்கும் பதில் சொன்னார்.

மறுநாள் கார்புரேட்டர் ஒழுகியது.

இனி மெக்கானிக்கை நம்பிப் பயனில்லை என்று அவரே களத்தில் இறங்கினார். கார்புரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகப் பரப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். மாட்டி முடித்ததும் கையில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மறுபடியும் கழற்றி மாட்டினார். இப்போது இரண்டு வாஷர் மிச்சம். மூன்றாவது தடவை கழற்றும்போது எதையோ இழுத்துவிட, பெட்ரோல் பீச்சியடித்துத் தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டார்.

"ஹாலுக்குள்ளயும் வராதீங்க!" என்று உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

வேறு வழியில்லாமல் மெக்கானிக்கையே மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் மிச்சமிருந்த வாஷர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். ஒழுகல் நின்றது. அடுத்த நாள் டேங்க் பக்கம் ஒழுகியது. அதைச் சரி செய்தார்கள். அதற்கு மறுநாள் பம்ப். பிறகு மறுபடி கார்புரேட்டர். இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. ஒரு பல்பு எரியும், அல்லது எரியாது. நேற்று இங்கே எரியாமல் இருந்துவிட்டு இன்றைக்கு அங்கே எரியாமல் இருக்கிற பல்பை அவர் பார்த்ததே இல்லை.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. யார்? மெக்கானிக்தான். வேலை வேண்டுமே! ஆனால் மெக்கானிக் வராத நாளிலும் ஒழுகுகிறதே? சரி, கண்டுபிடித்துவிடலாம். ஜன்னல் வழியாக ஒரு கிண்ணம் மாவு கேட்டு வாங்கி, காரைச் சுற்றிலும் தரையில் தூவினார். எவன் வந்தாலும் காலடி பதியும்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், தரை பளபளவென்று இருந்தது. மனைவி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மாவைக் கொட்டி வச்சிருக்கீங்களே, எறும்பு வராதா? சுத்தமாத் துடைச்சிட்டேன்."

"அய்யோ, அது காலடி பாக்கறதுக்கும்மா!"

"யார் காலடி?"

"அதான் தெரியல."

"சரி, அங்க பாருங்க, மறுபடி ஒழுகுது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

இந்தத் தடவை மெக்கானிக் வந்ததும் இன்ஸ்பெக்டர் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. தலையோடு தலையாக அவரும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். மெக்கானிக் கிளிப்பை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், இது தானாத் தளரல. ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திருகின கோடு இருக்கு. புதுக் கோடு."

"நீ போட்டதா இருக்கும்!"

"என் ஸ்க்ரூ டிரைவர் அகலம் சார். இது வேற ஏதோ சின்னது. வீட்டுல தையல் மெஷினுக்குப் போடுவாங்களே, அந்த மாதிரி." மெக்கானிக் வெளியே ஊர்ந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சமையல்கட்டுப் பக்கம் போனார்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்க இவ்வளவு நேரமா என்று இன்ஸ்பெக்டர் அலுத்துப்போன பிறகுதான் திரும்பி வந்தார். கையில் டீ, பிஸ்கட். முகத்தில் ஒரு மாற்றம். இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏனோ அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பழைய வண்டி சார். இதுக்குன்னு ஒரு குணம் இருக்கும். நாம அவசரப்படக் கூடாது."

"ஏம்ப்பா, ஸ்க்ரூ டிரைவர் கோடுன்னியே?"

"நானா? அது பழைய கோடு சார். கண்ணு சரியாத் தெரியல." கிளிப்பை இறுக்கிவிட்டு, அன்றைக்குக் கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் இடிந்துபோய் உட்கார்ந்தார். கூலி வாங்காமல் போகிற மெக்கானிக் எப்படி வேலைக்காக வண்டியைக் கெடுப்பான்? அப்படியானால் வண்டியில்தான் கோளாறு. இது தீராது. இது தீராவிட்டால், அவர் ஆயுசுக்கும் ஜன்னல் வழியாகத்தான் சாப்பிட வேண்டும். உள்ளே உப்பும் சர்க்கரையும் பழையபடி ஒட்டி உட்கார்ந்திருக்கும். கேரட் கட்டை கட்டையாக வெந்துகொண்டிருக்கும். குடும்பம் பெரிதா, கார் பெரிதா?

அன்றைக்குச் சாயங்காலம், சட்டையை மாற்றிக்கொண்டு, சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே மனைவியும் மருமகளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாவம், மனசில் இருக்கிற கவலையை மறக்கத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

"நான் ஒரு முடிவு எடுத்துட்டேன்" என்றார். "காரை வித்துடப் போறேன்."

மருமகள் கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

"பல் டாக்டருக்கு ரொம்ப நாளா அது மேல ஒரு கண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் வரேன்னு சொல்லிட்டாரு. ஒரு சொட்டு ஒழுகாம இருந்தா எடுத்துக்கிறாராம். ஒழுகினா வேண்டாமாம். வித்துட்டா இந்த வாடை, தொந்தரவு ஒண்ணும் கிடையாது. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நான் உங்க கூடவே சமையல்கட்டுல இருப்பேன்."

"மாமா!" மருமகளின் கண்ணில் தண்ணீர் நின்றது. "அவசரப்படாதீங்க மாமா. நீங்க எவ்வளவு ஆசையா வச்சிருக்கீங்க!"

"ஆசை கிடக்கட்டும்மா. உங்களைவிடவா எனக்குக் கார்?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காரைக் கண்டாலே ஆகாதவள் இந்தச் செய்தியைக் கேட்டுத் துள்ளிக் குதிப்பாள் என்றுதான் இன்ஸ்பெக்டர் எதிர்பார்த்தார். அதிகச் சந்தோஷம் வந்தாலும் கால் ஓய்ந்துபோகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து காரின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்கு ஒரு நாள் இது சொட்டாமல் இருந்துவிட வேண்டும். கிளிப்புகளை எல்லாம் அவரே முறுக்கி, பேட்டரி ஒயரையும் மாட்டினார். கீழே தாளை விரித்தார். டீ குடிக்க எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்தார். தாள் காய்ந்தே இருந்தது.

"குளிச்சுட்டு வாங்க. டாக்டர் முன்னாடி இப்படியா அழுக்கா நிப்பீங்க? நான் காரைப் பாத்துக்கிறேன்" என்றாள் மனைவி.

அதுவும் சரிதான். ஓடிப்போய் அவசர அவசரமாகக் குளித்து, தலைகூடத் துவட்டாமல் ஓடி வந்தார். அதற்குள் டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மனைவி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகம் வெளுத்து, காரின் மூக்கருகே நின்றிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் தாளைத்தான் பார்த்தார். காய்ந்திருந்தது! அவருக்குக் கண் கலங்கியது.

டாக்டர் பையிலிருந்து பல்லுக்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து, காருக்கு அடியில் நீட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டேங்கைத் தட்டினார். "வலிக்குதா?" என்று கேட்காததுதான் குறை. உள்ளே இறங்கி உட்கார்ந்து இஞ்சினை ஓடவிட்டார். அது புலி மாதிரி உறுமியது. தாளில் ஒரு சொட்டு இல்லை.

"ஏ ஒன்!" என்றார் டாக்டர். "எனக்கு முழுத் திருப்தி. கட்டையிலேர்ந்து இறக்கி இப்பவே ஓட்டிட்டுப் போயிடட்டுமா?"

இன்ஸ்பெக்டர் காரைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். அதன் சிவப்பு முதுகைத் தடவிக்கொடுத்தார். இருந்தாலும் தலையை ஆட்டி, சரி என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"வேண்டாம்!"

கத்தியது மனைவி.

"என்னம்மா?"

"விக்க வேண்டாங்க." அவள் காரை மறித்து நின்றாள். "உங்க கார் உங்களோடயே இருக்கட்டும். நீங்க அதுக்கு அடியில படுத்துக்கிட்டு, எதையாவது முறுக்கிக்கிட்டு இருந்தாத்தாங்க எனக்கு நிம்மதி."

"உனக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாதே!"

"அதெல்லாம் அப்போ. இப்ப அது இல்லாம என்னால இருக்க முடியாதுங்க. சத்தியமா முடியாது."

மருமகளும் ஓடி வந்துவிட்டாள். "ஆமா மாமா! ப்ளீஸ் மாமா!"

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் ஓடவில்லை. யாருக்காகத் தியாகம் செய்யக் கிளம்பினாரோ, அவர்களே கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சுகிறார்கள். இப்படி ஒரு அன்பை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, காலமெல்லாம் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாரே! டாக்டரிடம் இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிக்கணும் டாக்டர். வீட்டுல இருக்கறவங்க மனசை ஒடைக்க என்னால முடியாது."

"என்ன சார் விளையாட்டு இது? ஒருத்தர் வான்னு கூப்பிடுறீங்க, ஒருத்தர் போன்னு விரட்டுறீங்க!" டாக்டர் கிணற்றிலிருந்து மேலே வரத் தவித்தார். மருமகள்தான் ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மனைவியும் மருமகளும் உள்ளே போனதும், இன்ஸ்பெக்டர் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, சுத்தமான துணி ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தார். நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தார். வாடையும் இல்லை, ஒழுகலும் இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சமையல்கட்டுக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட மனைவிக்கும் மருமகளுக்கும் இனி ஒரு நிமிஷம்கூடத் துணை இல்லாமல் விடக் கூடாது. நினைக்க நினைக்கக் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. படுத்திருந்த இடத்திலிருந்து மெக்கானிக்கின் கிரீஸ் படிந்த செருப்பு ஷெட்டுக்குள் வருவது தெரிந்தது. உள்ளேயிருந்து மனைவியின் செருப்பு அவசரமாக ஓடி வந்தது. இன்ஸ்பெக்டர் நல்ல செய்தியைச் சொல்வதற்காக அடியிலிருந்து மெதுவாக ஊர ஆரம்பித்தார்.

"வழியில பல் டாக்டர் சொன்னாரும்மா, கார் விக்கலையாம், நல்லதாப் போச்சு!" என்றார் மெக்கானிக். "ஆனா தினமும் நீங்களும் மருமகளும் மாத்தி மாத்திக் கிளிப்பைத் தளத்திக்கிட்டு எவ்வளவு நாளைக்குக் கஷ்டப்படுவீங்க? என்கிட்ட ஒரு ஓட்டை டேங்க் சும்மா கிடக்கு, அதை மாட்டிவிட்டுடுறேன், இனி ஒரு வருஷத்துக்கு சார் சமையல்கட்டுப் பக்கமே வரமாட்டாரு!"